கூடப் படித்தால் கூடச் சம்பளமா? நீலகிரியில் பிளஸ் டூ முடிப்பவர்களுக்காக

கேத்தி_டீச்சர்:

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் எல்லா வீட்டிலும் இதே பேச்சுதான். ரெண்டு வருஷம் ஐ.டி.ஐ. போதுமா, ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலோ கூடலூரிலோ ஒரு டிகிரி முடிக்கலாமா, கடன் வாங்கியாவது கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சேர்க்கலாமா? எவ்வளவு படிக்கிறோமோ அவ்வளவு சம்பளம் என்று சத்தியம் செய்யும் பெற்றோர் இருக்கிறார்கள். "படிச்சவனெல்லாம் டூரிஸ்ட் வண்டிதான் ஓட்டறான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். பிள்ளைக்கு இரண்டாலும் பயன் இல்லை.

ஒரு வேண்டுகோள். சித்தப்பா மகன் கதையும் பக்கத்து லைன் அக்கா கதையும் வேண்டாம். விதி, தொகை, காகிதம், எந்த இடத்தில் சறுக்கும் என்பதை மட்டும் எழுதுங்கள்.

கணக்கர்:

டீச்சர், ஒன்றையொன்று வெட்டுவது போலத் தெரியும் இரண்டு எண்களில் இருந்து தொடங்குகிறேன்.

பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த பொருளியலாளர்கள் சகாரோபுலோஸ், பட்ரினோஸ் இருவரும் 2018-ல் சொன்ன சராசரி இது: ஒரு வருடம் கூடுதலாகப் படித்தால் வருமானம் சுமார் 9% கூடுகிறது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் டெல்லியின் மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2024-ல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை வேறொன்று சொல்கிறது. 2022-ல் 15 முதல் 29 வயதுக்குள் இருந்த பட்டதாரிகளில் வேலையின்மை 29.1%. எழுதப் படிக்கத் தெரியாதவர்களில் 3.4% மட்டுமே.

இரண்டும் உண்மைதான். வேலையில் இருப்பவர்களின் சம்பளத்தை ஒப்பிடுகிறது முதல் எண். வேலை தேடிக்கொண்டிருப்பவர்களை எண்ணுகிறது இரண்டாவது.

பச்சை_இலை:

கணக்கர் சார், நீங்க எப்படிச் சுத்தி வளைச்சாலும் 29-ம் 3-ம் ஒண்ணாகாதுங்க. படிக்காதவனுக்கு வேலை இருக்கு, படிச்சவனுக்கு இல்லை. கோத்தகிரிப் பக்கம் இலை பறிக்க ஆள் கிடைக்காம அசாம், ஜார்க்கண்ட்ல இருந்து கூட்டிட்டு வர்றாங்க. டிகிரி வாங்குன பசங்க பஸ் ஸ்டாண்டுல நிக்கிறாங்க. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

கணக்கர்:

பச்சை இலை அண்ணா, அந்த 3.4%-ஐ "எல்லாருக்கும் வேலை கிடைத்தது" என்று படிக்கக் கூடாது. கையில் காசு இல்லாதவர் வேலை தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. கிடைத்த கூலிக்குப் போய்விடுவார். கணக்கெடுப்பில் அவர் "வேலையில் இருப்பவர்" ஆகிவிடுகிறார். பட்டதாரியை வீட்டில் ரெண்டு மூணு வருஷம் தாங்குவார்கள், அதனால் அவர் காத்திருக்கிறார். காத்திருப்பதைத்தான் வேலையின்மை என்று எண்ணுகிறார்கள்.

வயதை வைத்துப் பிரித்தால் இது தெளிவாகத் தெரியும். அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் 2023 அறிக்கையில் 25 வயதுக்குக் கீழ் உள்ள பட்டதாரிகளின் வேலையின்மை 42%-ஐத் தாண்டுகிறது. 35 தாண்டியவர்களில் அது 5%-க்கும் கீழே. கடைசியில் ஏதோ ஒரு வேலையில் அமர்ந்துவிடுகிறார்கள். அந்த வேலை படித்த படிப்புக்கு ஏற்றதா என்பதை இந்த எண் சொல்லாது. அங்கே உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

9% கதையிலும் ஒரு ஓட்டை உண்டு. வசதியும் சூட்டிகையும் உள்ள பிள்ளை அதிகம் படிக்கும், படிக்காவிட்டாலும் அதிகம் சம்பாதிக்கும். அப்படியானால் சம்பளம் படிப்பால் வந்ததா, பிள்ளையால் வந்ததா? இதைப் பிரித்துப் பார்க்கப் பொருளியலாளர் எஸ்தர் டஃப்லோ இந்தோனேசியாவை எடுத்துக்கொண்டார். 1973 முதல் 1978 வரை அங்கே அரசு 61,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளைக் கட்டியது. பள்ளி வந்த ஊர், வராத ஊர், அந்த வயதுப் பிள்ளைகள், அவர்களைவிடக் கொஞ்சம் மூத்தவர்கள் என்று ஒப்பிட்டபோது ஒரு வருடக் கூடுதல் படிப்பு 6.8% முதல் 10.6% வரை சம்பளத்தைக் கூட்டியிருந்தது. ஆக, படிப்புக்கு உண்மையிலேயே பலன் உண்டு. ஆனால் அது தொடக்கப் பள்ளி. எம்.ஏ.வுக்கு மேல் எம்.பி.ஏ. வாங்கினாலும் இதே 9% வரும் என்று நீட்டுவதற்கு இந்த ஆய்வில் இடமில்லை.

அரியர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. வருடத்துக்கு வருடம் சம்பளம் ஒரே சீராக ஏறுவதில்லை. பட்டத்தை முடிக்கும் அந்த வருடத்தில் ஒரு குதி குதிக்கிறது. மூன்று வருடம் படித்து ரெண்டு பேப்பர் நிலுவையில் இருக்கும் ஆள், விண்ணப்பப் படிவத்தில் பிளஸ் டூ ஆள்தான். அவருக்கு அடுத்த பட்டத்தைவிட அந்த ரெண்டு பேப்பர்தான் லாபம்.

அருவங்காடு_ஃபிட்டர்:

படிப்பு கூடவா குறைச்சலா என்பதைவிட, இந்த மலையில் இருக்கும் வேலை எந்தக் காகிதத்தைக் கேட்கிறது என்று பாருங்கள். பல இடத்தில் பெரிய காகிதம் சின்னக் காகிதத்துக்கு ஈடாகாது.

எங்கள் பக்கத்து உதாரணம். அருவங்காடு கார்டைட் (வெடிமருந்து) ஃபேக்டரி 2021 அக்டோபரில் இருந்து மத்திய அரசின் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. இந்த நிறுவனத்தின் தொழிற்சாலைகள் அபாயக் கட்டடத் தொழிலாளர் பணிக்குக் குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் ஆள் எடுக்கும்போது கேட்பது ஏ.ஓ.சி.பி. டிரேடு, அதாவது ரசாயன ஆலை இயக்குநர் பிரிவு. அதுவும் படைக்கலத் தொழிற்சாலையில் அப்ரெண்டிஸ் முடித்து தேசியத் தொழிற்பழகுநர் சான்று வாங்கியவர்களை. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி இரண்டும் அந்த வாசலில் செல்லாது. பாடம் ஒன்றுதானே என்று வாதாடிப் பயனில்லை, விளம்பரத்தில் எழுதியிருப்பதுதான் சட்டம்.

மின்வாரியமும் அப்படித்தான். களப்பணி உதவியாளருக்கு எலக்ட்ரீஷியன் அல்லது வயர்மேன் டிரேடு ஐ.டி.ஐ. வேண்டும். பி.இ. எலக்ட்ரிக்கல் முடித்தவர் போட்டியிட வேண்டியது உதவிப் பொறியாளர் பணிக்கு. அங்கே வரிசையும் நீளம்.

ஐ.டி.ஐ. சேர்வதாக இருந்தால்:

ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் ரெண்டு வருஷம். வெல்டர், கணினி இயக்குநர் பிரிவு ஒரு வருஷம். மலையில் ஓட்டல், டீ ஃபேக்டரி, பம்ப், குளிர்பதனம் என்று ஓடுவதால் எலக்ட்ரீஷியன் டிரேடுக்கு உள்ளூரிலேயே பிழைப்பு உண்டு. வெல்டருக்கு வேலை மலைக்குக் கீழே, சமவெளியில்தான்.

சேரும் முன் அந்த டிரேடுக்கு என்.சி.வி.டி. (தேசியத் தொழிற்பயிற்சிக் குழு) அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். கட்டடத்துக்கு அங்கீகாரம் இருக்கும், புதிதாகத் தொடங்கிய டிரேடுக்கு இருக்காது. ரெண்டு வருஷம் கழித்துத் தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

முடித்ததும் அப்ரெண்டிஸ் போடாமல் விடாதீர்கள். 2019 திருத்த விதிப்படி குறைந்தபட்ச உதவித்தொகை ஐ.டி.ஐ. முடித்தவருக்கு மாதம் 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. கவனியுங்கள்: ரெண்டு வருஷ ஐ.டி.ஐ.க்கும் நாலு வருஷ பி.இ.க்கும் வித்தியாசம் 2,000 ரூபாய்.

படிப்பு அங்கேயே நின்றுவிடும் என்ற பயமும் வேண்டாம். ரெண்டு வருஷ ஐ.டி.ஐ. முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு. டிப்ளமோ முடித்தால் பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டு. நடுவில் எந்தப் படியில் இறங்கினாலும் கையில் ஒரு முழுச் சான்று இருக்கும். பி.இ.யில் மூன்றாம் வருஷம் நின்றவரிடம் அது கிடையாது.

லோன்_கவுண்டர்:

காசுக் கணக்கை யாரும் போடவில்லை, நான் போடுகிறேன். தொகைகள் கணக்குக்காக எடுத்தவை. உங்கள் கல்லூரிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். முறைதான் முக்கியம்.

வழி அ: ரெண்டு வருஷம் அரசு ஐ.டி.ஐ. (செலவு ஏறக்குறைய பூஜ்யம்), ஒரு வருஷம் அப்ரெண்டிஸ் 7,000, நாலாம் வருஷம் மாதம் 14,000, பிறகு ஆண்டுக்கு 8% உயர்வு.

வழி ஆ: நாலு வருஷம் பி.இ., ஃபீஸும் ஹாஸ்டலும் சேர்த்து ஆண்டுக்கு ஒன்றரை லட்சம். ஐந்தாம் வருஷம் மாதம் 20,000, பிறகு ஆண்டுக்கு 10% உயர்வு.

நாலாம் வருஷ முடிவில் அ சம்பாதித்தது 2.52 லட்சம். ஆ செலவழித்தது 6 லட்சம். இடைவெளி 8.52 லட்சம். அடுத்த வருஷத்தில் இருந்து ஆ கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப் பிடிக்கும்: முதல் வருஷம் 58,560, அடுத்து 68,000 சொச்சம், அப்படியே. வட்டியே சேர்க்காமல், இடைவெளி மூடுவது வேலைக்குச் சேர்ந்த ஒன்பதாம் வருஷத்தில். அதாவது 30, 31 வயதில். அதற்குப் பிறகு ஆ எப்போதும் மேலே.

இதில் "வேலை உடனே கிடைக்கும்" என்று ஒரு ஊகம் ஒளிந்திருக்கிறது. பட்டம் முடித்து ரெண்டு வருஷம் சும்மா இருந்தால் அதே கணக்கு மூடுவது 36, 37 வயதில்.

இப்போது கடன். ஒவ்வொரு ஆண்டின் தொடக்கத்திலும் ஒன்றரை லட்சம், வட்டி 10% என்று வையுங்கள். படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருஷமும் தவணை இல்லை, ஆனால் தனிவட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஐந்தாம் வருஷ முடிவில் அந்த வட்டி மட்டும் 2.1 லட்சம். ஆக 8.1 லட்சத்துக்குப் பத்து வருஷத் தவணை மாதம் சுமார் 10,700. கோயம்புத்தூரில் 20,000 சம்பளம், பி.எஃப். 1,800 போக 18,200. தங்க, சாப்பிட 8,000 என்றால் மீதம் 10,200. தவணை அதைவிட அதிகம். பஸ்ஸுக்குக்கூட வீட்டில்தான் கேட்க வேண்டும். மலையில் 14,000 வாங்கிக்கொண்டு வீட்டில் சாப்பிடும் ஐ.டி.ஐ. பையன் அந்த வருஷங்களில் சேமிப்பில் முன்னால் இருப்பான்.

தப்பிக்க ஒரு வழி உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், நாக் அல்லது என்.பி.ஏ. தரச்சான்று உள்ள இடத்தில் தொழிற்படிப்பு படித்தால், தவணையில்லாக் காலத்தின் வட்டியை மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம் ஏற்கும். வருமானச் சான்றைக் கடன் வாங்கும்போதே கொடுக்க வேண்டும். நடுவில் படிப்பை விட்டால் மானியம் போய்விடும். நாலு லட்சம் வரை ஈடும் வேண்டாம், மூன்றாம் நபர் ஜாமீனும் வேண்டாம். நிலப் பத்திரம் கேட்டால் அந்த இடத்திலேயே கேள்வி கேளுங்கள்.

கூடலூரான்:

கவுண்டர் அண்ணே, கணக்கு சரி. ஆனா அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அந்த ஆறு லட்சத்தை ஏன் எழுதினீங்க?

6-ம் வகுப்பிலிருந்து 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டத்தில் 7.5% உள்ஒதுக்கீடு இருக்கு, 2021 சட்டம். அதில் கலந்தாய்வு வழியாக இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசு கட்டுது. ஆறு லட்சத்தைப் பூஜ்யமாக்கி உங்க கணக்கையே திரும்பப் போடுங்க. இடைவெளி 2.52 லட்சம்தான். வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருஷத்திலேயே மூடிடும்.

அதே கல்லூரி, அதே பெஞ்சு, ஒருத்தருக்கு ஒன்பது வருஷம், இன்னொருத்தருக்கு நாலு. பந்தலூர், சேரம்பாடி எஸ்டேட் லைன்களில் இருந்து வர்ற பிள்ளைகளுக்கு இதைச் சொல்றதுக்குத்தான் ஆள் இல்லை. எட்டாம் வகுப்புல "நல்ல பள்ளி"ன்னு கடன் வாங்கி தனியார் மெட்ரிக்குக்கு மாத்தினா இந்த உரிமை அன்னிக்கே போச்சு.

பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் மாதம் 1,000 ரூபாய், 2022 செப்டம்பரில் இருந்து. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டில் இருந்து. ரெண்டும் டிகிரிக்கு மட்டும்னு நினைச்சுக்கறாங்க, ஐ.டி.ஐ.க்கும் டிப்ளமோவுக்கும் உண்டு.

முதல் பட்டதாரிச் சலுகை வேணும்னா ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேரணும். நிர்வாக ஒதுக்கீட்டில் போனா கிடையாது. வீட்டில் அண்ணனோ அக்காவோ ஏற்கனவே பட்டம் முடிச்சிருந்தா தம்பிக்குச் சான்று வராது.

பழங்குடிப் பிள்ளைகளுக்குத் தனியாச் சொல்லணும். பணியர், காட்டுநாயக்கர், குறும்பர், இருளர், தோடர், கோத்தர் யாரா இருந்தாலும் எஸ்.டி. சாதிச் சான்று கோட்டாட்சியர் கையெழுத்து. தாசில்தார் கையெழுத்துப் போட்ட பழைய தாளை வெச்சுக்கிட்டு கலந்தாய்வுக்குப் போய் நிக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த பிறகும் மெய்த்தன்மை விசாரணை வரும். அப்பா, தாத்தா பள்ளிச் சான்றில் சமூகத்தின் பெயர் எப்படி எழுதியிருக்குன்னு இப்பவே ஒப்பிட்டு வெச்சுக்கணும். எஸ்.டி. ஒதுக்கீடு மாநிலத்தில் 1%. ஆனா தகுதியுள்ள ஆள் இல்லாம காலி விழறதும் அங்கேதான், பட்டம் நேரடியாகக் காசாகிற இடமும் அதுதான்.

நுழைவாயில்:

டி.என்.பி.எஸ்.சி. பக்கத்தை நான் சொல்கிறேன். இங்கே படிப்பின் உயரத்துக்கும் சம்பளத்துக்கும் உள்ள உறவு வேடிக்கையானது.

குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பு போதும். கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் எல்லாம் அடிப்படை ஊதியம் 19,500-ல் தொடங்கும். எம்.ஃபில். முடித்தவர் எழுதினாலும் அதே 19,500. ஆனால் பத்தாம் வகுப்போடு தமிழ், ஆங்கிலத் தட்டச்சும் சுருக்கெழுத்தும் வைத்திருப்பவர் சுருக்கெழுத்துத் தட்டச்சராக 20,600-ல் தொடங்குவார். முதுகலைப் பட்டம் தராத உயர்வைக் கோத்தகிரித் தட்டச்சு வகுப்பு தருகிறது.

தேர்வில் 200 கேள்வி, 300 மதிப்பெண். முதல் 100 கேள்வி தமிழ், 150 மதிப்பெண். அதில் 60 வாங்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். மீதி 100-ல் 75 பொது அறிவு, 25 திறனறிவு. மலையில் பட்டதாரிகள் விழும் இடம் அந்த 60. கான்வென்ட்டில் பிரெஞ்சோ இந்தியோ இரண்டாம் மொழியாக எடுத்துவிட்டு, பேச்சுத் தமிழை நம்பி உட்காருகிறார்கள். ஆறாம் வகுப்பு முதல் பத்து வரை அரசுத் தமிழ்ப் புத்தகத்தை வரிவரியாகப் படித்தால் தாண்டிவிடலாம்.

தமிழ்வழியில் படித்தோருக்கான 20% ஒதுக்கீடு இன்னொரு கண்ணி. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பட்டத்தை மட்டும் தமிழில் படித்திருந்தால் போதாது. ஒன்றாம் வகுப்பில் இருந்து அந்தப் பணிக்குரிய தகுதி வரை தமிழ்வழி வேண்டும், ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனிச் சான்று வேண்டும். எஸ்டேட் மாறி மாறி நாலு பள்ளியில் படித்த பிள்ளைக்கு நாலு சான்று. ஒரு பள்ளி மூடியிருந்தால் அதன் பதிவேடு எந்தக் கல்வி அலுவலகத்துக்குப் போனது என்று தேட வேண்டும். அறிவிக்கை வந்த பிறகு தேடினால் முடியாது.

குரூப் 2-க்குப் பட்டம் வேண்டும், அதுவும் 10+2+3 என்ற வரிசையில். பிளஸ் டூ தாண்டாமல் திறந்தநிலைப் பல்கலையில் நேராக வாங்கிய பட்டம் செல்லாது. பாடப் பெயரையும் பாருங்கள். "அப்ளைட்", "இன்டகிரேட்டட்" என்று கவர்ச்சியான பெயரில் உள்ள பட்டங்களுக்கு, இது இன்ன பட்டத்துக்கு இணை என்று அரசாணை இருக்கிறதா என்று சேரும் முன்பே கல்லூரியில் கேட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதிகப் படிப்பு கதவை அடைக்கும் இடமும் உண்டு. பியூன் வேலைக்குப் பட்டதாரி விண்ணப்பிக்கக் கூடாது என்று ஒரு பொதுத்துறை வங்கி விளம்பரத்தில் போட்டிருந்தது. பட்டத்தை மறைத்துச் சேர்ந்தவரின் நியமனத்தை ரத்து செய்தது சரிதான் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பச்சை_இலை:

பார்த்தீங்களா, நான் சொன்னதுக்குத்தான் வர்றீங்க. காகிதமே இல்லாம சம்பளம் ஏறுற வேலையை நான் சொல்றேன், டீ மேக்கர்.

வாங்குற இலை நூறு கிலோன்னா தயாராகுற தூள் 22, 23 கிலோ. இலையை வாட்டுறது 12-ல இருந்து 16 மணி நேரம். மழைக்காலத்துல இலை மேலேயே தண்ணி நிக்கும், அப்ப சூடான காத்து கொடுக்கணும். கூடப் போச்சுன்னா இலை முறியும், குறைஞ்சா இலையை நசுக்கி நறுக்குற சி.டி.சி. ரோலர்ல பிசுபிசுன்னு ஒட்டும். புளிக்க வைக்கிறது முக்கால் மணியில இருந்து ஒன்றரை மணி நேரம். குன்னூர் குளிருக்கும் கூடலூர் சூட்டுக்கும் நேரம் வேற. டிரையர்ல இருந்து வர்ற தூள்ல ஈரம் 3% பக்கம் இருக்கணும். கூடினா மூட்டையில பூஞ்சை வாடை, குறைஞ்சா கருகல்.

ஒரு நாளைக்கு 10,000 கிலோ இலை ஓடுற ஃபேக்டரியில விளைச்சல் 22 சதவீதத்துல இருந்து 23 ஆனா, கூட 100 கிலோ தூள். கிலோ 100 ரூபாய்னு வெச்சாலும் நாளைக்கு 10,000 ரூபாய். அந்த ஒரு சதவீதத்தைக் கொண்டுவர்ற ஆளை முதலாளி விடுவாரா? பத்தாவது ஃபெயிலா பாஸான்னு யாரும் கேட்கிறதில்லை.

கணக்கர்:

இதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. அந்தத் திறமை ஃபேக்டரிக்கு வெளியே கண்ணுக்குத் தெரியாது. அந்த டீ மேக்கர் வேறு ஃபேக்டரிக்குப் போனால் அவர் பேரும், குன்னூர் ஏலத்தில் அவர் தூளுக்கு விழுந்த விலையும்தான் சான்று. மலையை விட்டு இறங்கினால் அதுவும் இல்லை. முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாத ஆளிடம் போய் நிற்க வேண்டும் என்றால் அங்கே பட்டம் தேவைப்படுகிறது. பொருளியலாளர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-ல் எழுதியது இதைத்தான்: வேலை கொடுப்பவருக்கு ஆளைத் தெரியாதபோது பட்டம் ஒரு அடையாளமாக வேலை செய்கிறது. ஆளைத் தெரிந்த ஊரில் அந்த அடையாளத்துக்கு மதிப்புக் குறைவு.

நீலகிரிக்கு இது முக்கியம். நம் மாவட்டத்தில் பட்டத்தின் பலன் பெரும்பாலும் மேட்டுப்பாளையத்துக்குக் கீழேதான் கிடைக்கும். பிள்ளை இறங்கத் தயாரா, வீடு அனுப்பத் தயாரா என்று கேட்காமல் பட்டத்தின் லாபத்தைக் கணக்குப் போட முடியாது. மலையிலேயே இருப்பேன் என்றால், உரிமம் போல வேலை செய்யும் சான்றுகள்தான் காசு தரும்: மின்கம்பியாள், பார்மசிஸ்ட், நர்ஸ், ஆசிரியர், அரசுத் தேர்வு.

பச்சை இலை அண்ணா, ஃபேக்டரிக்குள்ளேயும் ஒன்று மாறியிருக்கிறது. டிரஸ்டீ (தேயிலைக்கான தரச்சான்று), உணவுப் பாதுகாப்புத் தணிக்கை என்று வந்தபின் தினப் பதிவேடு, மருந்து தெளித்த கணக்கு, வெப்பநிலைக் குறிப்பு எல்லாம் எழுதியாக வேண்டும். டீ மேக்கரின் கைப்பக்குவமும் அந்தத் தாளை ஆங்கிலத்தில் நிரப்பும் திறமையும் ஒரே ஆளிடம் இருந்தால் அவர் மேலாளர் ஆகலாம்.

வெலிங்டன்_அக்கா:

உரிமம் என்றதால் நர்ஸிங். ஜி.என்.எம். என்னும் நர்ஸிங் டிப்ளமோ மூன்று வருஷம், பி.எஸ்ஸி. நர்ஸிங் நாலு வருஷம். ரெண்டு பேரும் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்யலாம். தனியார் மருத்துவமனையில் தொடக்கச் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. வித்தியாசம் அடுத்த கதவில்: எய்ம்ஸ் நர்ஸிங் அலுவலர் தேர்வுக்கு பி.எஸ்ஸி. உடனே எழுதலாம், ஜி.என்.எம். என்றால் 50 படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் ரெண்டு வருஷ அனுபவம் காட்ட வேண்டும். மலையில் பத்து இருபது படுக்கை உள்ள கிளினிக்கில் வேலை செய்தால் அந்த அனுபவம் கணக்கில் வராது. முதல் வேலையைச் சம்பளம் பார்த்து எடுக்காமல் படுக்கை எண்ணிக்கை பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். அனுபவச் சான்றில் படுக்கை எண்ணிக்கையை எழுதி வாங்க வேண்டும்.

ஆசிரியர் வேலையிலும் "பெரிய படிப்பு எல்லாவற்றுக்கும் செல்லும்" என்பது 2023 ஆகஸ்டில் உடைந்தது. தொடக்கப் பள்ளிக்கு பி.எட். தகுதி ஆகாது, தொடக்கக் கல்வி டிப்ளமோதான் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு. ஒன்று முதல் ஐந்து வரை நடத்த விரும்பும் பிள்ளை பிளஸ் டூ முடித்த கையோடு ரெண்டு வருஷ டிப்ளமோ. ஐந்து வருஷம் செலவழித்து டிகிரியும் பி.எட்.டும் முடித்தால் அந்த வகுப்பறைக்குள் நுழைய முடியாது.

லவ்டேல்_வாசி:

மேல்முனையையும் சொல்லிவிடுகிறேன், பி.எச்டி. உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு நெட், செட் (கல்லூரி ஆசிரியருக்கான தேசிய, மாநிலத் தகுதித் தேர்வுகள்) போதும், முனைவர் பட்டம் கட்டாயமில்லை என்று 2023 ஜூலையில் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதியை மாற்றியது. எம்.ஃபில். அதற்கு முன்பே நிறுத்தப்பட்டுவிட்டது. ஆக, முதுகலை முடித்தவர் முதலில் செய்ய வேண்டியது நெட் அல்லது செட். அதைத் தாண்டாமல் ஐந்து வருஷம் ஆராய்ச்சியில் உட்கார்ந்தால், நிரந்தர இடம் விளம்பரமாகும் வரை கௌரவ விரிவுரையாளர் வேலைதான். யு.ஜி.சி. 2019 வழிகாட்டுதல் ஒரு வகுப்புக்கு 1,500, மாதம் 50,000 வரை என்கிறது. தமிழக அரசுக் கல்லூரிகளில் கிடைப்பது அதில் பாதி அளவுதான், அதுவும் 11 மாதம்.

படிப்பு கூடக் கூட அரசு தவறாமல் கூட்டித் தரும் ஒரே தொகை வேலையில்லாதோர் உதவித்தொகை: பத்தாவது ஃபெயில் 200, பாஸ் 300, பிளஸ் டூ 400, பட்டம் 600. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருஷம் காத்திருந்தால், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000-க்குள் இருந்தால், மூன்று வருஷம் வரை. பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்பட்டம் என்றால் அதுவும் கிடையாது.

கேத்தி_டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை லவ்டேல் சார். கடைசியாக ஒன்று: பள்ளியை விட்டு வெளியேறும் முன் பிள்ளைகள் கையில் என்னென்ன இருக்க வேண்டும்? ஜூலையில் கலந்தாய்வுக்குப் போய் நின்று அழைக்கிறார்கள், அப்போது ஒன்றும் செய்ய முடிவதில்லை.

நுழைவாயில்:

டீச்சர், ஏப்ரலிலேயே முடிக்க வேண்டியவை இவை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று, பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும். தமிழ்வழிச் சான்று, அதுவும் ஒன்றாம் வகுப்பில் இருந்து. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றுக்கும் இ-சேவையில் விண்ணப்பிக்கலாம். ரிசல்ட் வந்த வாரத்தில் சர்வர் ஊர்ந்து போகும், மழை வந்தால் பந்தலூர் பக்கம் இன்டர்நெட்டும் இருக்காது.

கூடலூரான்:

பெயரையும் சேர்த்துக்குங்க. ஆதாரில் ஒரு எழுத்து, மதிப்பெண் பட்டியலில் வேறொரு எழுத்து, இனிஷியல் ஒண்ணுல முன்னாடி, ஒண்ணுல பின்னாடி. மலையில பாதிப் பிள்ளைங்களுக்கு இப்படித்தான் இருக்கு. பத்தாவது மதிப்பெண் பட்டியல்ல தப்பு இருந்தா தலைமை ஆசிரியர் வழியா அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு எழுதணும். பிள்ளை இன்னும் உங்க வருகைப் பதிவேட்டுல இருக்கும்போதே எழுதுங்க டீச்சர். டி.சி. வாங்கிட்டுப் போன பிறகு பிறப்புச் சான்று, அஃபிடவிட்னு அலையணும். ஆதாரைத் திருத்தறது சுலபம், அதனால மதிப்பெண் பட்டியல் சரியா இருந்தா ஆதாரை அதுக்கு ஏத்த மாதிரி மாத்திடுங்க.